மடியில் கனம் இருப்பது குற்றமல்ல

சென்ற இதழில், போனில் படங்களையும் ஆவணங்களையும் மறைத்து வைப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் வாதம் நான்கே வரி. ஒழுங்காக வாழ்பவருக்கு மறைக்க எதுவும் இருக்காது. கணவன் மனைவிக்குள், பெற்றோர் பிள்ளைக்குள் பூட்டிய ஃபோல்டர் என்பது துரோகம். இந்த வசதிகளெல்லாம் குற்றவாளிகளுக்குத்தான் கவசம். தவிர, எப்படி மறைத்தாலும் விவரம் தெரிந்தவர் இரண்டே நிமிடத்தில் எடுத்துவிடுவார், ஆகவே இது வெட்டி வேலை.

நான்கும் பிழை. கருத்து வேறுபாடு என்று விட்டுவிடக்கூடிய பிழையும் அல்ல. இதை நம்பி ஒரு பெண் தன் போனைத் திறந்து கொடுத்தால் அடி விழுவது அவள் முதுகில். எழுதியவர் முதுகில் அல்ல. அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வாதத்தையும் நான்காவதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். விவரம் தெரிந்த யாரும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்றால் அது குற்றவாளிக்கு எப்படிக் கவசமாகும்? குற்றவாளியைக் காப்பாற்றும் அளவுக்கு உறுதியானது என்றால் சாதாரண மனிதருக்கு மட்டும் எப்படி வெட்டி வேலையாகும்? ஒன்று நிற்க வேண்டுமானால் மற்றது விழ வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியவர், எழுதுவதற்கு முன் ஒரு போனைக் கையில் எடுத்துச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

பார்த்திருந்தால், ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு என்று புரிந்திருக்கும். ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் அது வழக்கமான பட்டியலில் தெரியாது. புள்ளியோடு தொடங்கும் ‘.நோமீடியா’ என்ற வெற்று ஃபைல் ஒன்றை ஒரு ஃபோல்டருக்குள் போட்டால், அதிலுள்ள படங்களை கேலரி காட்டாது. ஒளிப்பது என்றால் இவ்வளவுதான். ஃபைல் மேனேஜரின் அமைப்புகளில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஃபைல்களைப் பார்க்க அனுமதி வாங்கிய வேறொரு செயலிக்கும் அவை கிடைக்கும். கட்டுரையாளரின் இரண்டு நிமிடக் கணக்கு இதற்குப் பொருந்தும். இதற்கு மட்டும்தான் பொருந்தும்.

பூட்டு வேறு வகை. கூகுளின் ஃபைல்ஸ் செயலியில் 2020 முதல் ‘சேஃப் ஃபோல்டர்’ இருக்கிறது. அதற்குத் தனி பின் எண். அந்த எண்ணை மறந்தால் உரிமையாளராலேயே உள்ளே போக முடியாது. கூகுள் போட்டோஸில் 2021-இல் ‘லாக்டு ஃபோல்டர்’ வந்தது. அதற்குள் போன படம் கேலரி வரிசையில் வராது, தேடலில் வராது, பழைய நினைவுகள் என்று போன் தானாகக் காட்டும் தொகுப்பிலும் வராது, மற்ற செயலிகளுக்கும் கிடைக்காது. சாம்சங்கின் ‘செக்யூர் ஃபோல்டர்’, 2024-இல் ஆண்ட்ராய்டு 15-உடன் வந்த ‘பிரைவேட் ஸ்பேஸ்’ இரண்டும் போனுக்குள்ளேயே தனிப் பூட்டுள்ள இன்னொரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கின்றன. ஐபோனில் 2022-இன் ஐஓஎஸ் 16 முதல் ‘ஹிடன்’ ஆல்பம் பூட்டியே இருக்கிறது. 2024-இன் ஐஓஎஸ் 18-இல் செயலிகளையே பூட்டி மறைக்கலாம். வாட்ஸ்அப்பில் 2023-இல் சாட் லாக் வந்தது. அதே ஆண்டு இறுதியில் ரகசியக் குறியீடும் சேர்ந்தது. அந்தக் குறியீட்டைத் தேடல் கட்டத்தில் தட்டினால்தான் பூட்டிய உரையாடல்கள் இருப்பதே தெரியும். இவை அத்தனையையும் ஒரு புள்ளியோடும் ஒரு வெற்று ஃபைலோடும் சேர்த்துக் கட்டி, எல்லாம் ஒன்றுதான் என்று தீர்ப்பு எழுதுவது அறியாமை. வாசகருக்கு யோசனை சொல்ல வந்தவருக்கு இந்த அறியாமை மன்னிக்கக்கூடியதல்ல.

இனி முதல் வாதம். ‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை’ என்ற பழமொழியைத்தான் கட்டுரையாளர் தன் தூணாக நிறுத்தியிருக்கிறார். அந்த மடியில் இருப்பது திருட்டுப் பொருள் என்று அவருக்கு யார் சொன்னது? உழைத்த காசை முடிந்துகொண்டு நடப்பவனுக்கும் மடியில் கனம்தான். அவன் அஞ்சுவது வழிப்பறிக்காரனுக்கு. அவனை நிறுத்தி, ‘யோக்கியன் என்றால் மடியை அவிழ்த்துக் காட்டு’ என்று கேட்பவன் எந்தப் பக்கத்து ஆள் என்பதைக் கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும்.

இன்றைக்கு நம் மடியில் இருப்பது போன். ஆதார் அட்டை, பான் அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம், வீட்டுப் பத்திரம், குளித்துவிட்டு ஓடிவரும் குழந்தையின் படம், மனநல மருத்துவரின் மருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். இதில் எது குற்றம்?

கல்யாண மண்டபத்தில் ஒரு பெண் புதுப் புடவையின் படத்தைக் காட்டப் போனை நீட்டுகிறாள். வாங்கிய உறவுக்காரர் அந்த ஒரு படத்தோடு நிற்பதில்லை. விரல் அடுத்த படத்துக்குத் தள்ளுகிறது. புடவைக்கு அடுத்து வத்தக்குழம்புக் குறிப்பின் ஸ்கிரீன்ஷாட். அதற்கடுத்து கருத்தரிப்பு மையத்தின் ரிப்போர்ட். மையத்தின் பெயர் மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். பந்தி முடிவதற்குள் செய்தி மண்டபத்தைச் சுற்றி வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. ஆனால் சொல்லலாமா, யாரிடம் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்று முடிவெடுக்க வேண்டிய ஒருத்தியிடமிருந்து அந்த முடிவு பிடுங்கப்பட்டுவிட்டது.

தள்ளிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. இன்றைய போன் படத்துக்குள் இருக்கும் எழுத்தையே படிக்கிறது. கூகுள் போட்டோஸின் தேடலில் ஒரு மருந்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் அச்சிட்ட சீட்டின் படம் வந்து நிற்கும். ஐபோனிலும் 2021-இன் ஐஓஎஸ் 15 முதல் படத்திலுள்ள எழுத்தைத் தேடி எடுக்கலாம். பல்லாயிரம் படங்களுக்கு நடுவே ஒன்று கண்ணில் படாமல் கிடக்கும் என்ற பழைய நம்பிக்கை இதோடு போய்விட்டது. தேடலுக்கு அகப்படாமல் வைப்பது இன்று அவசியமாகிவிட்டதற்குக் காரணம் இதுதான்.

போன் நம் கையைவிட்டுப் போகும் இடங்களும் இருக்கின்றன. திரை உடைந்தால் பழுதுபார்க்கக் கொடுக்கிறோம்; ‘செக் பண்ணணும்’ என்று பின் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடிக்கணினிகளைப் பழுதுபார்க்கும் கடைகளுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத சொந்தப் படங்களைச் சில கடைகளின் ஊழியர்கள் திறந்து பார்த்ததும், சிலர் பிரதி எடுத்துக்கொண்டதும், பெண்களுடைய கணினிகளே அதிகம் துழாவப்பட்டதும் அதில் தெரியவந்தன. கடன் செயலிகளின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேலரிக்கும் தொடர்பு எண்களுக்கும் அனுமதி வாங்கி, தவணை தவறியவரின் படத்தைத் திரித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், கடன் செயலிகள் வாடிக்கையாளரின் ஃபைல்களையும் படங்களையும் தொடர்பு எண்களையும் தொடக்கூடாது என்றன. 2023-இல் கூகுளும் தன் பிளே ஸ்டோரில் அதைத் தடை செய்தது. கடன் வாங்கியவர் என்ன குற்றவாளியா? மறைக்க ஏதும் இல்லாதவர் பயப்பட வேண்டாம் என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

இரண்டாவது வாதம்தான் எல்லாவற்றிலும் கொடியது. குடும்பத்துக்குள் ரகசியம் துரோகம் என்கிறார். எந்தக் குடும்பம்? கணவனிடம் அடிபடும் ஒரு பெண், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட நினைத்தால், வழக்கறிஞர் முதலில் கேட்பது சான்று. கன்னத்துக் காயம் ஆறுவதற்குள் எடுத்த படம், மிரட்டிய குரல் பதிவு, மருத்துவமனைச் சீட்டு. இவற்றை அவள் எங்கே வைப்பாள்? பீரோவின் சாவி அவளிடம் இல்லை. கையில் இருப்பது போன் ஒன்றுதான். அதையும் அவன் தினமும் இரவில் வாங்கிப் பார்க்கிறான். பூட்டிய ஃபோல்டர் இல்லையென்றால் அந்தப் படம் அன்றிரவே அழிக்கப்படும். அதோடு அவளுக்கு இன்னொரு அடியும் விழும். அவளிடம் போய், மறைப்பது துரோகம் என்று உபதேசம் செய்கிறது இந்தக் கட்டுரை. வீட்டில் யார் யாருடைய போனைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அதில் ஓர் இடத்திலும் இல்லை. தங்கையின் போனை அண்ணன் பார்ப்பான். அண்ணனின் போனைத் தங்கை கேட்டால் வீடு ரெண்டாகும். ஒருபக்கம் மட்டும் திறந்திருப்பதற்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர் வைக்க முடியாது. அது அதிகாரம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் கட்டுரையாளருக்குத் தேவைப்படவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது வசதி படைத்தவர்களின் கவலை என்ற வாதமும் அந்தத் தீர்ப்பில் நிராகரிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களை எடுத்துவந்து விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்த கணவனின் சான்றை ஏற்க மறுத்தது. அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கிடையிலும் உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலைக்கு வந்த உறவு ஏற்கெனவே உடைந்துபோன உறவு என்றுதான் அந்தத் தீர்ப்பும் பார்த்தது. உளவு பார்ப்பதை நல்ல இல்லறத்தின் இலக்கணம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை சொல்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. எட்டு வயதுக் குழந்தையின் கையிலுள்ள போனில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கடமை. அதையும் அந்தக் குழந்தைக்குத் தெரியச் செய்ய வேண்டும். இருபது வயது மகளின் போனை அவள் தூங்கும்போது கைரேகை வைத்துத் திறப்பது அந்தக் கணக்கில் வராது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பது, முதலாவதின் நியாயத்தை இரண்டாவதற்குக் கடன் வாங்கும் தந்திரம்.

குற்றவாளிகள் என்ற வாதத்துக்குக் கட்டுரையாளர் பொள்ளாச்சி பாலியல் வழக்கை இழுத்திருக்கிறார். இழுத்திருக்கக் கூடாது. அங்கே பெண்களைச் சீரழித்தது அவர்கள் எதையோ மறைத்ததல்ல. அவர்களைப் படம் எடுத்தவர்கள், அதை வெளியிடுவோம் என்று மிரட்டினார்கள். 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை அதிகாரிகளே வெளியில் விட்டார்கள். அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தரங்கம் பறிபோனால் என்ன நடக்கும் என்பதற்கான வழக்கை, அந்தரங்கம் வேண்டாம் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அவமரியாதை. விசாரணைக்குத் தேவையான போனைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 94-ஆவது பிரிவின்படி நீதிமன்றமும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் மின்னணுச் சாதனங்களை ஒப்படைக்கச் சொல்லலாம். அந்த அதிகாரம் மாமியாருக்கும் மச்சானுக்கும் வழங்கப்படவில்லை.

கட்டுரையாளர் உண்மையிலேயே வாசகருக்கு உதவ நினைத்திருந்தால் எழுதியிருக்க வேண்டியது வேறு. போனின் பின் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றால், கூகுள் போட்டோஸின் லாக்டு ஃபோல்டரும் ஐபோனின் ஹிடன் ஆல்பமும் போதாது. இரண்டும் போனைத் திறக்கும் அதே பூட்டுக்குத் திறந்துவிடும். தனி பின் எண் வைக்கக்கூடிய சேஃப் ஃபோல்டர், செக்யூர் ஃபோல்டர், பிரைவேட் ஸ்பேஸ் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். கால்குலேட்டர் வேடம் போட்டு வரும் இலவச மறைப்புச் செயலிகளை நம்பாதீர்கள். செயலியை நீக்கினால் உள்ளே இருந்த படங்களும் சேர்ந்து போகக்கூடும். பூட்டி வைத்த படத்தின் இன்னொரு பிரதி வாட்ஸ்அப் உரையாடலிலோ, அழித்தவை கிடக்கும் ட்ராஷிலோ இருக்கிறதா என்று பாருங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது சாம்சங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ போட்டுக் கொடுங்கள். வழக்குக்கான சான்று என்றால் அசலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதியைக் கொடுங்கள். வீட்டில் ஆபத்து என்றால் 181, படத்தை வைத்து யாராவது மிரட்டினால் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இதில் ஒரு வரிகூட அந்தக் கட்டுரையில் இல்லை. அதில் இருந்ததெல்லாம் திறந்து காட்டு என்ற கட்டளை. அந்தக் கட்டளையைப் பிறப்பிக்க அவருக்கு உரிமை இல்லை. அதற்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. உங்கள் போனில் எதை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். அதற்காக யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை.