கறுப்பா இருந்தாலும்...



போன மாதம் என் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பிறந்து இரண்டே நாள். துணிப் பொட்டலத்துக்குள் கண்ணை இறுக மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. உறவில் பெரியம்மா ஒருவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார். பிறகு மெல்லக் காது மடலை மடக்கிப் பார்த்தார். "இப்ப வெளுப்பாத்தான் தெரியுது. காதைப் பாரு, வளர வளர கலர் இறங்கிடும்" என்றார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் படுத்திருந்த அக்கா மகள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் நல்ல கறுப்பு. அந்தக் காதின் நிறம் யாருடையது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெரியம்மா கெட்டவர் இல்லை. வலி வந்த ராத்திரியிலிருந்து வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்தவர். பூண்டுக் குழம்பு வைத்துத் தூக்கில் எடுத்து வந்தவர். அந்தப் பேச்சு பகையில் வந்திருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அன்பில் வந்ததால் எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னது நடக்கவும் கூடும். பிறந்தவுடன் குழந்தையின் தோல் சற்று வெளுத்திருப்பது வழக்கம்தான். நிறம் தரும் மெலனின் போகப் போகக் கூடும். சில மாதங்களில் குழந்தை தன் நிறத்துக்கு வந்து சேரும். வந்து சேர்வதை ஏன் ‘இறங்கிடும்’ என்கிறோம்?

நம் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். ‘பொண்ணு நல்ல கலர்’ என்கிறோம். என்ன கலர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ‘நிறமா இருப்பா’ என்றால் வெளுப்பு என்றுதான் அர்த்தம். கறுப்பாக இருப்பவளுக்கு நிறமே குறைச்சல் என்பதுபோல ‘கலர் கம்மி’.

எனக்கு உறுத்துவது இன்னொரு வாக்கியம். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.’ பாராட்டு என்று நினைத்து நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதில் அந்த ‘இருந்தாலும்’ எதற்கு? ‘படிக்காட்டியும் கெட்டிக்காரி’, ‘வசதி இல்லாட்டியும் நல்ல மனசு’ என்று ஒரு குறையைப் பெரிய மனது பண்ணி மன்னிக்கும்போது நாம் பேசுகிற பேச்சு அது. ‘சிவப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

2025 மார்ச்சில், கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் தன் நிறத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அவருக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்தவர் அவருடைய கணவர். கணவரின் காலம் வெள்ளை, இவருடைய காலம் கறுப்பு என்று யாரோ ஒப்பிட்டுப் பேசியதுதான் அவரை எழுத வைத்தது. மாநில நிர்வாகத்தின் உச்சியில் இருப்பவரிடமே இப்படிப் பேச ஒருவருக்குக் கூச்சம் இல்லை!

ஆனால் என் மனதில் தங்கிவிட்டது அவர் சொன்ன வேறொரு விஷயம். நான்கு வயதில் அம்மாவிடம் போய், தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றெடுக்க முடியுமா என்று கேட்டாராம். கறுப்பின் அழகைத் தன் பிள்ளைகள்தான் பிற்பாடு தனக்குக் காட்டினார்கள் என்றும் எழுதியிருந்தார்.

நான்கு வயது. அந்த வயதுக் குழந்தைக்கு விளம்பரம் புரியாது, வரன் பார்க்கும் பேச்சும் புரியாது. சுற்றி நிற்கும் நாம் யாரைத் தூக்கிக் கொஞ்சுகிறோம், யாரைப் பார்த்து ஒரு கணம் தயங்குகிறோம் என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் குங்குமப்பூ வாங்கி வருகிறோம். ஒரு கிராமுக்குச் சில நூறு ரூபாய். பாலில் போட்டுக் குடித்தால் மணமாக இருக்கும், அவ்வளவுதான். நிறம் மரபணுவில் இருக்கிறது, அது பாலில் கரையாது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. பெண் குழந்தை ஏழெட்டு வயதில் மட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும்போது என்ன சொல்கிறோம்? ‘வெயில்ல ஆடாத, கறுத்துடுவ.’ அவள் அண்ணனிடம் சொல்வதில்லை. இப்படி எத்தனை பெண்களின் ஓட்டம் அந்த வாசலோடு நின்றுபோனது! மூச்சு வாங்க ஓடி, முட்டி சிராய்த்து, வேர்த்து வீட்டுக்கு வருகிற சந்தோஷத்தை ஒரு வார்த்தையில் பிடுங்கிவிடுகிறோம்.

கல்யாணப் பேச்சில் இதற்கு விலையும் உண்டு. ‘பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி, அதனால அஞ்சு பவுன் சேர்த்துப் போடறாங்க.’ எல்லோரும் தலையாட்டிக் கேட்கிறோம், அது ஏதோ நியாயமான கணக்கு மாதிரி.

வெளியே சில பலகைகள் மாறியிருக்கின்றன. 1975ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி வெளுப்பு கிரீம், 2020ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே ஆண்டு, கையெழுத்து இயக்கம் ஒன்று கிளம்பியதும் ஷாதி டாட் காம் என்ற திருமண இணையதளம் நிறத்தைச் சொல்லி வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது. நடிகை சாய் பல்லவி இப்படி ஒரு கிரீம் விளம்பரத்தில் நடிக்க மாட்டேன் என்றார். நல்லதுதான். ஆனால் தரகரின் முதல் கேள்வி மாறிவிட்டதா?

உடம்பைக் கெடுக்கிற சங்கதியும் இதில் இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த கிரீமை வெளுப்புக்காக மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, வெயிலில் போனால் எரிகிறது என்று டாக்டரிடம் ஓடுபவர்கள் ஏராளம். 2018ல் இப்படிப்பட்ட 14 கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. கேரளத்தில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்து 2024ல் எழுதினார்கள். அவர்களில் 15 பேருக்கு வழக்கமாக அரிதாகக் காணப்படும் ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்த பாதரசம் தோல் வழியாக உள்ளே இறங்கியதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறார்கள். தயாரிப்பாளர் யார் என்றே எழுதாத டப்பா உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் இருந்தால், தயவுசெய்து இன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. நம் ஊரில் நிறம் நிறத்தோடு நிற்பதில்லை. அதை வைத்துச் சாதியை ஊகிக்கிறோம், வசதியை ஊகிக்கிறோம். ‘ஐயர் வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கா’ என்பதைப் பாராட்டாகச் சொல்கிறோமே, அது யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது? அபார்ட்மென்ட் வாசலில் எந்த விருந்தாளியை நிறுத்தி ‘யார் வீட்டுக்கு? என்ன வேலை?’ என்று கேட்கிறார்கள், யாரைக் கேட்காமல் உள்ளே விடுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். ஒரே வயிற்றில் பிறந்த நான்கு பிள்ளைகள் நான்கு நிறத்தில் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு கணக்கு.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். நம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் ‘ஏழே நாளில் சிவப்பழகு’ என்று ஒரு தலைப்பு வைத்தேன். கடலை மாவு, எலுமிச்சை, தயிர் என்று நீண்ட குறிப்பு. அந்த இதழுக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரு பெண், எலுமிச்சை தேய்த்து முகம் எரிந்த பிறகும் விடாமல் ஏழு நாளும் போட்டதாக எழுதியிருந்தாள். பதில் போடாமல் விட்டுவிட்டேன். அந்தப் பெண் இன்றும் நம் வாசகி என்றால், என்னை மன்னித்துவிடுங்கள்.

இந்த இதழிலிருந்து ‘சிவப்பழகு’ என்ற சொல் நம் பக்கங்களில் வராது. புடவைப் பக்கத்துக்கும் மேக்கப் பக்கத்துக்கும் நம் தெருவில் நடந்து போகிற நிறங்களில் பெண்களைத் தேடிப் படம் எடுக்கிறோம். படத்தை வெளுக்க வேண்டாம் என்று போட்டோகிராபரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் நிறத்தைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்லப்பட்டு, இன்னும் மறக்காத ஒரு வாக்கியம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். நீங்கள் சொல்லி, பிறகு வருந்திய வாக்கியம் என்றாலும் எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். வந்தவர்களில் ஒருவர் தொட்டிலை எட்டிப் பார்த்து, "யார் கலர்?" என்று கேட்டார். அக்கா மகள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "என் கலர் அத்தை" என்றாள். பெரியம்மா பக்கத்தில்தான் இருந்தார். உள்ளே போய் மைக் கிண்ணத்தை எடுத்து வந்து, குழந்தையின் கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்