சரணடையாத கொள்ளைக்காரன்

தோழரே,

சம்பல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது முறுக்கிய மீசையும் துப்பாக்கியுந்தான். 1960-இல் வினோபா பாவே முன்பும், 1972-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்பும் கொள்ளையர் ஆயுதங்களைக் கீழே வைத்த கதையை ஏடுகள் பக்கம் பக்கமாகத் தீட்டின. அந்தக் கொள்ளையருக்கு ஒளிவிடம் தந்த மண் பள்ளங்கள் இருக்கின்றனவே, அவை நடத்தும் கொள்ளையைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்? துப்பாக்கி ஏந்தியவன் பணப்பெட்டியைத் தூக்கினான். பள்ளமோ வயலையே தூக்கிச் செல்கிறது. சரணடைய அது இன்றுவரை வரவில்லை.

மத்தியப் பிரதேசத்து மொரேனா, பிந்த் மாவட்டங்களில் ஆற்றங்கரை நிலம் ஆழமான வண்டல். பாறையின் பிடிப்பு அதற்கு இல்லை. மழைநீர் வயலோரத்திலிருந்து பள்ளத்துக்குள் அருவிபோல் விழுகிறது. விழும் நீர் அடிமண்ணைக் குடைகிறது. அடியை இழந்த மேல்மண் ஒருநாள் பொத்தென்று சரிகிறது. அவ்வளவுதான், பள்ளத்தின் தலை வயலுக்குள் புகுந்துவிட்டது! உழவனோ நிலப் பத்திரத்தைப் பெட்டியிலே பூட்டி வைத்திருக்கிறான். பத்திரத்தில் நிலம் இருக்கிறது; நிலத்தில் மண் இல்லை.

இதை அளந்தவர் இல்லையா? உண்டு. நாடெங்கும் இத்தகைய பள்ள நிலம் 36 லட்சம் ஹெக்டேருக்கு மேல் என்று 1970-களிலேயே கணக்கிட்டார்கள். ஆனால் இந்த ஊரில், இந்த உழவனின் வயலில், ஒரே மழைக்காலத்தில் போனது எவ்வளவு? நாட்டுக் கணக்கு அதற்கு விடை சொல்லாது. முழக்கணக்கில் நகரும் ஓடைத் தலை, செயற்கைக்கோளின் உயரத்திலிருந்து எளிதில் புலப்படுவதுமில்லை. சங்கிலியோடு இறங்கி அளக்கலாமே என்பீர்கள். ஒரு பள்ளத்தை அளந்து ஏறுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்!

இங்கேதான் ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானம் வருகிறது. மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஒரு முறை, அதே தடத்தில் தாழப் பறந்து, ஒன்றன்மீது ஒன்று படியுமாறு நூற்றுக்கணக்கில் படம் பிடிக்கிறது. தரையில் அளந்து வைத்த குறிகளோடு அவற்றைப் பொருத்தினால், நிலத்தின் மேடுபள்ளம் சில சென்டிமீட்டர் பிழைக்குள் உருப்பெறுகிறது. முந்தைய உருவத்திலிருந்து பிந்தையதைக் கழித்தால், எந்த முனையில் எத்தனை கன மீட்டர் மண் போயிற்று என்பது வந்துவிடும். மந்திரமல்ல தோழரே, கழித்தல் கணக்கு!

குறையையும் மறைக்கக் கூடாது. குடையப்பட்ட அடிப்பகுதி மேலிருந்து தெரியாது. புதர் மூடிய மண்ணும் தெரியாது. அந்தப் புதரை விதைத்தவர் யார்? 1980-களில் அரசே வானிலிருந்து சீமைக்கருவேல விதையைத் தூவிற்று. ஆம், நம் கண்மாய்களைப் பிடித்துக்கொண்டதே, அதே சீமைக்கருவேலந்தான்! அன்று வானிலிருந்து தூவியது இன்று வானிலிருந்து பார்க்கும் கண்ணை மறைக்கிறது. லேசர் கருவி பொருத்தினால் இலையிடுக்கு வழியே ஓரளவு தரையைத் தொடலாம்; செலவு கூடும்.

பறந்தால் பள்ளம் மூடுமா என்று கேட்கலாம். மூடாது. ஓடைத் தலைக்கு மேலே வரப்புக் கட்டி நீரைத் திருப்ப வேண்டும், சரிவிலே புல் பிடிக்க வேண்டும். ஆனால் எந்தத் தலையில் முதலில் கட்டுவது, கட்டியது நின்றதா என்பதைச் சொல்லப் படம் வேண்டும். 2020-இல் 3 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட சம்பல் பள்ளங்களை உலக வங்கியின் துணையோடு விளைநிலமாக்கப் போவதாக மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்தார். இயந்திரத்தால் தள்ளிச் சமன்செய்த தளர்மண், நீரைத் திருப்பாவிட்டால், மழையில் மீண்டும் அறுபடும். அப்போது அளவுப்படம் இல்லையென்றால் கான்ட்ராக்டர் சொன்னதே கணக்கு!

அதே 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ட்ரோன்கள் ஊர் ஊராகப் பறந்து குடியிருப்பு மனைகளை அளந்தன. மனையை அளக்கப் பறந்த விமானம், ஊர் எல்லை தாண்டி வயலோரம் வரை பறக்க மறுத்துவிடுமா? பறக்கட்டும். எடுத்த படத்தைத் தலைநகர அலமாரியில் பூட்டாமல் ஊராட்சி மன்றச் சுவரில் மாட்டட்டும். தன் வயலைத் தின்னும் ஓடை எதுவென்று உழவன் விரல் வைத்துக் காட்டட்டும். எந்த வரப்புக்கு முதலில் பணம் என்பதைக் கிராம சபை தீர்மானிக்கட்டும்.

சம்பலில் மழை ஜூன் இறுதியில் இறங்கும். முதல் படத்தை மே மாதத்திலேயே எடுத்தாக வேண்டும்.