காலுக்கு விலையா, கையெழுத்துக்கு விலையா?



உங்கள் வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு மகன் இருந்தால் இந்தப் பேச்சை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். "உம்மா, அவர இத்தின மில்லியனுக்கு வாங்கிட்டாங்களாம்!" அடுப்படியில் நின்றபடியே நீங்களும், "மனிசனயும் வெல பேசி வாங்குறதா?" என்று கேட்டிருப்பீர்கள். பிள்ளை சிரித்துவிட்டு ஓடியிருப்பான்.

ஆனால் உங்கள் கேள்வி சிரித்துத் தள்ளிவிடக் கூடியதல்ல. ஐரோப்பாவின் பெரும் நீதிமன்றங்களே ஆண்டுக்கணக்கில் அமர்ந்து விசாரித்த கேள்வி அது. உதைபந்தாட்டத்தில் உங்களுக்கு விருப்பம் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் உங்கள் பிள்ளையின் மனதில் குடியிருக்கும் அந்த உலகம் எப்படி நடக்கிறது என்பதைத் தாயாகிய நீங்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

விற்கப்படுவது எது?

ஒரு வீரர் ஒரு கழகத்தோடு மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் என்று ஒப்பந்தம் செய்கிறார். அவருடைய பெயர் அந்தக் கழகத்தின் வீரராகப் பதிவாகிறது. பதிவு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அவர் விளையாடலாம். தவணை முடிவதற்குள் வேறொரு கழகம் அவரை விரும்பினால், முதல் கழகத்தின் சம்மதத்தைப் பெற வேண்டும். அந்தச் சம்மதத்துக்குக் கொடுக்கும் பணமே பத்திரிகைகளில் வரும் பெரிய தொகை. அது கழகத்தின் கைக்குப் போகிறது. வீரரின் சம்பளம் வேறு கணக்கு. ஆக, விலை பேசப்படுவது மனிதன் அல்ல. அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மீதியாக இருக்கும் காலம்.

1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அல்ப் கொமன் என்ற வீரருக்காக மிடில்ஸ்பரோ கழகம் சண்டர்லாந்து கழகத்துக்கு 1,000 பவுண் கொடுத்தது. இப்படியும் ஒரு தொகையா என்று அந்நாட்டு மக்கள் அன்று முகம் சுளித்தார்கள். 1979இல் ட்ரெவர் பிரான்சிஸ் சுமார் 10 இலட்சம் பவுணுக்கு நொட்டிங்ஹாம் பொரெஸ்ட் கழகத்துக்கு மாறினார். 2017இல் நெய்மாருக்காக பாரிஸ் சென் ஜேர்மன் கழகம் கொடுத்தது 22 கோடியே 20 இலட்சம் யூரோ! நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆயிரம் எங்கே வந்து நிற்கிறது பார்த்தீர்களா?

தவணை முடிந்தும் விடுதலை இல்லை

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் மனிதன் சுதந்திரமானவன்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். முன்னர் அப்படி இருக்கவில்லை. தவணை முடிந்த பிறகும் பதிவைக் கழகம் தன் கையிலேயே வைத்திருந்தது. வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, வேறிடம் போகவும் முடியாது என்ற நிலை. இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் நியூகாசில் கழகத்துக்கு எதிராக வழக்காடினார். அந்த முறை நியாயமற்றது என 1963இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஐரோப்பா முழுவதும் நிலைமை மாற இன்னும் பல ஆண்டுகள் சென்றன.

அதை மாற்றியவர் பெல்ஜியம் நாட்டின் ஜோன் மார்க் பொஸ்மன். 1990இல் லியேஜ் கழகத்துடனான அவரது ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 120,000 பெல்ஜிய பிராங்க் பெற்றுவந்தவருக்கு, இனி 30,000 தருகிறோம், கையெழுத்திடு என்றார்கள். அவர் மறுத்தார். பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குச் செல்ல விரும்பினார். பழைய கழகமோ விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு ஐந்து ஆண்டுகள் இழுபட்டது. 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியத்து வீரர் ஒருவர் ஒன்றியத்தின் வேறு நாட்டுக் கழகத்துக்குச் செல்லும்போது எவரும் பணம் கேட்க முடியாது.

இன்று கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரர்கள் அனைவரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள். அவருக்கு என்ன கிடைத்தது? வழக்கு முடியும்போது அவர் விளையாடும் வயதும் முடிந்துவிட்டது. பின்னாளில் மனச்சோர்வுக்கும் குடிப்பழக்கத்துக்கும் ஆளாகி வறுமையில் வாடினார். ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டவர், தான் உள்ளே போக முடியாமல் வாசலில் நின்றுவிட்டார்.

தீர்ப்புக்குப் பிறகு கழகங்கள் சும்மா இருக்கவில்லை. தவணை முடியும்வரை காத்திருந்தால் வீரர் இலவசமாகப் போய்விடுவார் அல்லவா? எனவே நீண்ட ஒப்பந்தங்களை எழுதின. ஒரு வருடம் மீதியிருக்கும்போதே விற்கத் தலைப்பட்டன. தவறினால் என்ன ஆகும் என்பதற்கு போல் பொக்பாவே சாட்சி. 2012இல் தவணை முடிந்து மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்திலிருந்து இத்தாலியின் யுவென்டஸ் சென்றார். 2016இல் அதே மன்செஸ்டர் அவரை 8 கோடியே 90 இலட்சம் பவுணுக்குத் திரும்ப வாங்கியது. 2022இல் தவணை முடிய, பணமேதும் தராமலே யுவென்டஸ் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது!

ஒரு பவுணின் கதை

இனி ஒப்பந்தத்தின் சரத்துகளுக்கு வருவோம். ஸ்பெயினில் 1985இல் வந்த ஒரு சட்டத்தின்படி, இழப்பீடு செலுத்தித் தன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வீரருக்கு உரிமை உண்டு. அந்த இழப்பீடு எவ்வளவு என்பதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வைக்கிறார்கள். எவரும் கிட்ட வரக்கூடாது என்றுதான் பார்சிலோனா கழகம் நெய்மாருக்கு 22 கோடியே 20 இலட்சம் யூரோ என்று எழுதியது. ஆனால் தொகையுடன் ஒருவர் வந்தே விட்டார். 2017 ஆகஸ்டில் நெய்மாரின் சட்டத்தரணிகள் பணத்தைக் கட்டினார்கள். பார்சிலோனாவால் தடுக்க முடியவில்லை. உயரமாக மதில் கட்டியவர்கள், அந்த மதிலுக்கும் ஏணி உண்டு என்பதை மறந்துபோனார்கள். இப்பொழுது அதே கழகம் தன் இளம் வீரர் லமீன் யமாலுக்கு நூறு கோடி யூரோ என்று எழுதி வைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. லிவர்பூல் கழகத்தின் லூயிஸ் சுவாரஸின் ஒப்பந்தத்தில் 4 கோடி பவுண் பற்றி ஒரு சரத்து இருந்தது. அத்தொகையைத் தாண்டினால் அவரை விட வேண்டும் என்று நம்பிய ஆர்சனல் கழகம், 2013இல் 4 கோடியும் ஒரு பவுணும் தருவதாக அறிவித்தது. ஆம், ஒரேயொரு பவுண் கூடுதலாக! லிவர்பூல் விடவே இல்லை. அந்தச் சரத்துக்கு விற்றே ஆக வேண்டும் என்ற பொருளா, பேசத் தொடங்கலாம் என்ற பொருளா என்பதில்தான் முழுச் சண்டையும். சுவாரஸ் மேலும் ஓராண்டு அங்கேயே விளையாடி, 2014இல் அதைவிடப் பெருந்தொகைக்கு பார்சிலோனா போனார்.

சகோதரிகளே, ஒரு வாசகம் எத்தனை கோடியைத் தூக்கி நிறுத்துகிறது, எத்தனை கோடியைத் தள்ளி விழுத்துகிறது பாருங்கள். வீட்டு உறுதியானாலும் சரி, வெளிநாட்டு வேலைக்கான பத்திரமானாலும் சரி, தவணைக்கு வாங்கும் பொருளின் படிவமானாலும் சரி, வாசித்து விளங்காமல் பேனையைத் தொடாதீர்கள். கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது நம்மீது கடமை. கடமையாகிவிடும் என்பதனாலேயே வாக்குக் கொடுக்கும் முன் நிதானம் வேண்டும்.

விலை ஏறுவது எப்படி?

நெய்மாருக்காக வந்த பணத்தை பார்சிலோனா என்ன செய்தது? கையில் காசு இருக்கிறது என்று சந்தைக்கே தெரிந்த பிறகு யார் குறைத்துச் சொல்வார்கள்? அதே மாதம் ஜேர்மனியிலிருந்து உஸ்மான் டெம்பெலேயை 10 கோடி யூரோவுக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கியது. 2018 ஜனவரியில் லிவர்பூலின் கூட்டின்யோவுக்கு சுமார் 12 கோடி யூரோவும், மேலதிகத் தொகைகளும் ஒப்புக்கொண்டது. வந்தது முழுவதும் போய், அதற்கு மேலும் கடன் ஏறியது.

கூட்டின்யோ அங்கு சோபிக்கவில்லை. ஜேர்மனியின் பயேர்ன் மியூனிக் கழகத்துக்கு இரவலாகக் கொடுத்தார்கள். 2020 ஆகஸ்டில் பார்சிலோனாவை அந்தப் பயேர்ன் 8-2 எனத் தோற்கடித்தபோது, கடைசி இரண்டு கோல்களையும் அடித்தவர் இதே கூட்டின்யோ! இரவல் கொடுத்த கை, கன்னத்தில் அறை வாங்கிய கதை இது. அடுத்த வருடம் கடன் 100 கோடி யூரோவைத் தாண்டிய நிலையில், சிறு வயதிலிருந்து தாம் வளர்த்த மெஸ்ஸியைக்கூட அக்கழகத்தால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் கண்ணீருடன் விடைபெற்றதை உலகம் பார்த்தது.

இவ்வளவு தொகையை எப்படிக் கணக்கில் காட்டுகிறார்கள்? தையல் மெஷின் வைத்துத் தொழில் செய்யும் சகோதரிக்கு இது எளிதில் விளங்கும். மெஷினின் விலையை ஒரே வருடச் செலவாக எழுதாமல், அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதுவதுண்டு. கழகங்களும் தொகையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுக்கின்றன. ஆண்டுகள் கூடினால் வருடச் செலவு குறைவாகத் தெரியும். 2023இல் செல்சி கழகம் 10 கோடி பவுணுக்கும் அதிகமாகக் கொடுத்து என்சோ பெர்னாண்டஸை வாங்கி, எட்டரை ஆண்டு ஒப்பந்தம் எழுதியது இதனால்தான். இந்தத் தந்திரத்தைக் கண்ட ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம், இனிமேல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வகுக்கக் கூடாது என்று அதே ஆண்டில் விதித்தது.

இதில் மனம் நோகும் இடம் ஒன்று உண்டு. சிறு வயதிலிருந்தே கழகம் வளர்த்த பிள்ளைக்கு வாங்கிய விலை என்று ஒன்றில்லை. அவனை விற்றால் வரும் தொகை முழுவதும் அவ்வருட இலாபம். எனவே கணக்குச் சரிக்கட்ட வேண்டி வரும்போது முதலில் கண்ணில் படுபவன் சொந்தத்தில் வளர்ந்தவனே.

இடையில் நிற்கும் முகவர்களையும் மறந்துவிடக் கூடாது. 2023இல் நாடு விட்டு நாடு மாறிய ஆண் வீரர்களுக்காகக் கழகங்கள் செலவிட்ட தொகை 963 கோடி அமெரிக்க டொலர் என்றும், அவ்வாண்டு முகவர்களுக்குச் சென்றது 88 கோடி டொலருக்கும் அதிகம் என்றும் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் அறிவித்தது.

ஒரு தாயின் கணக்கு

இத்தனை கோடிகளுக்கும் நடுவே ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரஹீம் ஸ்டெர்லிங் ஜமெய்க்காவில் பிறந்தவர். இரண்டு வயதில் தகப்பனைக் கொலைக்குப் பறிகொடுத்தார். தாய் இங்கிலாந்து சென்று, ஹோட்டல்களில் துப்புரவு வேலை செய்துகொண்டே படித்தார். பிள்ளைகளும் பாடசாலை செல்லும் முன் அவருடன் சென்று உதவினார்கள். மகனின் திறமையைக் கண்டு ஆர்சனல் போன்ற பெரிய கழகங்கள் அழைத்தன. எந்தத் தாய்க்குத்தான் மனம் குளிராது? ஆனால் அந்தத் தாய், அங்கே உன்னைப் போல ஐம்பது பிள்ளைகள் இருப்பார்கள், படிப்படியாக ஏறக்கூடிய இடத்துக்குப் போ என்று புத்தி சொன்னார். மகன் சிறிய கழகமான குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். பயிற்சிக்குத் தனியே அனுப்பத் தாய் சம்மதிக்கவில்லை. மூன்று பஸ் மாறி அவரைக் கூட்டிச் சென்றவர் மூத்த சகோதரி. இதையெல்லாம் 2018இல் ஸ்டெர்லிங்கே எழுதியிருக்கிறார்.

பதினைந்து வயதில் அவர் லிவர்பூல் சென்றபோது அச்சிறு கழகம் ஒரு சரத்து எழுதிக்கொண்டது: இவரை நீங்கள் பின்னர் விற்றால் ஐந்தில் ஒரு பங்கு எங்களுக்கு. 2015இல் மன்செஸ்டர் சிட்டி அவரை 4 கோடியே 90 இலட்சம் பவுண் வரையான தொகைக்கு வாங்கியபோது, வளர்த்த கழகத்துக்கும் அதில் பெரும் பங்கு போய்ச் சேர்ந்தது. நாடு விட்டு நாடு மாறும் வீரருக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு ஐந்தை, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர வேண்டும் என்ற சர்வதேச விதியும் உண்டு. வளர்த்தவரின் உழைப்பை இந்தச் சந்தைகூட முற்றாக மறந்துவிடவில்லை.

பிள்ளைகளைக் காக்கவும் விதி உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவரை, சில விலக்குகள் தவிர, வேறு நாட்டுக் கழகம் எடுக்கக் கூடாது. இதை மீறியதற்காக பார்சிலோனாவே 2014இல் தண்டிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முழுவதும் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாமல் இருந்தது. 'உங்கள் மகனை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன், முதலில் இவ்வளவு பணம் கட்டுங்கள்' என்று எவராவது உங்கள் வாசலுக்கு வந்தால் இந்த விதியை நினைவில் வையுங்கள்.

அடுத்த முறை மகன் மில்லியன் கணக்கோடு ஓடி வரும்போது அவனைப் பக்கத்தில் இருத்தி மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? எத்தனை வருடத்துக்குக் கையெழுத்திட்டிருக்கிறார்? இடையில் விலக நேர்ந்தால் என்ன நிபந்தனை? அவன் பதில் தேடட்டும். விளையாட்டுப் பக்கத்தை வாசிக்கும் அதே ஆர்வத்தோடு ஒப்பந்தம் ஒன்றை வாசிக்க அவன் இப்பொழுதே பழகிக்கொண்டால், நாளை எந்தத் தொழிலுக்குப் போனாலும் அவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.