வி.ஆர். கண்ணாடி: 30 வருஷமா ‘இதோ வருது, அதோ வருது’!

மாலில் ‘வி.ஆர்.’ விளையாட்டுக் கடையைப் பார்த்தால் பசங்க கையை உதறிவிட்டு ஓடுகிறார்கள். பெட்டி மாதிரி ஒரு கண்ணாடியை மாட்டினால் பேய் பங்களா, ரோலர் கோஸ்டர் எல்லாம் கண் முன்னே! கழற்றியதும் ஒரே நச்சரிப்பு: “அப்பா, இதை வீட்டுக்கு வாங்கலாம்ப்பா...”

பர்சைத் திறக்கும் முன் பழைய கதையைப் பார்த்துவிடலாம்.

முதல் புஸ்வாணம்

‘மரியோ’ புகழ் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1995-ம் ஆண்டு ‘வெர்ச்சுவல் பாய்’ கருவியை இறக்கியது. முப்பரிமாண உலகம் என்று விளம்பரம். எட்டிப் பார்த்தால் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான்! தலைவலி, கண்வலி என்று புகார்கள் வேறு. 8 லட்சம்கூட விற்காமல் ஒரு வருடத்திற்குள் மூட்டை கட்டினார்கள்.

கோடிகளில் நஷ்டம்

2014-ல் ‘ஓக்குலஸ்’ என்ற வி.ஆர். கம்பெனியை சுமார் 200 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் வளைத்துப் போட்டது. 2016-ல் வந்த அதன் கண்ணாடி விலை 599 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 40 ஆயிரம் ரூபாய். அதை ஓட்ட விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தனி! 2021-ல் ஃபேஸ்புக் கம்பெனி தன் பெயரையே ‘மெட்டா’ என்று மாற்றிக்கொண்டது. பலன்? கண்ணாடிகளைத் தயாரிக்கும் பிரிவுக்கு 2024-ல் மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம். நம்ம காசில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்!

ஏன் ஓடல?

ஒன்று, உடம்பு. ‘ஓடுறோம்’ என்கிறது கண். ‘நிக்கிறோம்’ என்கிறது உள்காது. இந்தக் குழப்பத்தில் பலருக்கு ஊட்டி பஸ் மாதிரி குமட்டுகிறது.

இரண்டு, இடம். நடந்து விளையாட ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டுமாம். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் எங்கே போவது?

மூன்று, ஆட்டம். வாங்குபவர்கள் குறைவு என்பதால் பெரிய கம்பெனிகள் புது கேம் செய்யத் தயங்குகின்றன. புது கேம் இல்லாததால் வாங்குபவர்களும் கூடவில்லை. செல்போனில் கேம் இப்படியா பரவியது? பேசுவதற்காக வாங்கிய போனில் கேம் கூடவே வந்தது. கண்ணாடியோ விளையாட்டுக்கென்றே தனிச் செலவு.

சும்மா சொல்லக் கூடாது, இப்போது வரும் கண்ணாடிகள் எவ்வளவோ மேல். சிலவற்றுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். ‘பீட் சேபர்’ போல நல்ல ஆட்டங்களும் உண்டு. ஆனால் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தன் கண்ணாடியைப் பயன்படுத்தக் கூடாது என்று மெட்டாவே சொல்கிறது.

ஆசைக்கு மாலிலேயே ஒரு ரவுண்டு விளையாடட்டும். நஷ்டத்தைத் தாங்க மெட்டாவிடம் பணம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது மாசச் சம்பளம். கடையில் காட்டும் டெமோ 5 நிமிஷம்தான், இ.எம்.ஐ. 12 மாசம்!