கேமில் பழகிவிட்டு ரேஸ் டிராக்கில் இறங்கலாமா?

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் பறந்தன. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. இதையெல்லாம் பார்த்து, 'நம்ம காரையும் ஒருநாள் டிராக்கில் ஓட்டிப் பார்த்தா என்ன?' என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். வீட்டில் ரேஸிங் கேம் இருக்கிறது. அதில் பழகினால் போதாதா?

பாதி போதும். எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

2011-ல் 'கிரான் டூரிஸ்மோ' கேம் போட்டியில் வென்ற பிரிட்டன் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-ல் லெ மான்ஸ் ரேஸில் தன் பிரிவில் மூன்றாமிடம் வந்தார். ஆனால், நடுவில் அவருக்கு நிஜக் காரில் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

சிமுலேட்டர் கண்ணையும் மூளையையும் பழக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 12 வளைவுகள். எந்த வளைவுக்கு முன் பிரேக் பிடிப்பது, எங்கே திரும்புவது, பார்வையை எங்கே வைப்பது என்று வரிசை மனதில் பதிந்துவிட்டால், முதல் நாள் பதற்றம் பாதியாகக் குறையும்.

உடம்பை அது பழக்காது. வளைவில் உடம்பு ஒருபக்கமாகத் தள்ளப்படுவதும், பின்சக்கரம் வழுக்குவதை இடுப்பு உணர்வதும் நாற்காலியில் கிடைக்காது. 100 கி.மீ வேகத்தில் நிறுத்துவதைவிட 140-ல் நிறுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். நாலு ரவுண்டு வேகமாகச் சுற்றினாலே சாதாரண காரின் பிரேக் சூடாகி, பெடல் 'மெத்'தென்று உள்ளே போகலாம். பல கேம்களில் இது தெரியவே தெரியாது.

பயமும் அப்படித்தான். 2023 ஜனவரியில் இதே இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய கார் ரேஸில், பல ஆண்டு அனுபவமுள்ள கே.இ.குமார் விபத்தில் உயிரிழந்தார். அனுபவசாலிக்கே அந்த நிலை என்றால், நமக்கு நிதானம் எவ்வளவு தேவை!

அதனால் கேமில் பழகும் முறையை மாற்றுங்கள். ஃபெராரி வேண்டாம், உங்கள் கார் மாதிரியே ஒரு சின்ன கார் எடுங்கள். திரையில் வழிகாட்டும் கோட்டை அணைத்துவிடுங்கள். ரீவைண்ட் பட்டனைத் தொடாதீர்கள். டேமேஜை முழுசாக வையுங்கள். 20 நிமிடம் ஒருமுறைகூட டிராக்கை விட்டு வெளியே போகாமல் ஓட்டுவதுதான் இலக்கு. லேப் டைம் அல்ல. கண்ணாடியைப் பார்த்து, வேகமாக வருபவருக்கு வழிவிடவும் பழகுங்கள்.

கிளம்பும் முன் பிரேக் ஆயில், பேடு, டயர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மஞ்சள் கொடி என்றால் ஓவர்டேக் கூடாது. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து மெதுவாக பிட்டுக்குத் திரும்ப வேண்டும். டிரைவர்களுக்கு நடக்கும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் காரைப் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்று பொதுவாக அதில் இருக்கும். டிராக்கில் பம்பர் நொறுங்கினால், செலவு அநேகமாக உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

முதல் நாளில் யாரையும் முந்த வேண்டாம் பாஸ். ஓட்டிக்கொண்டு போன காரிலேயே வீட்டுக்குத் திரும்பினால், அதுவே நல்ல ரிசல்ட்!