கையில என்ன இருக்கு?

2024 பிப்ரவரியில 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தப்போ அதுல கதைன்னு எதையும் மறைச்சு வைக்கல. கொச்சி பக்கத்துல இருந்து கொடைக்கானலுக்கு டூர் வந்த பசங்க. குணா குகை. ஒருத்தன் குழிக்குள்ள விழுந்துடறான், இன்னொருத்தன் கயித்தைக் கட்டிக்கிட்டு உள்ள இறங்கறான். 2006-ல நிஜமா நடந்த சம்பவம்தான். முடிவு என்னன்னு தியேட்டருக்குள்ள நுழையும்போதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். வில்லன் இல்லை, காதல் இல்லை, வசனத்துல பெரும்பகுதி மலையாளம். ஆனாலும் தமிழ்நாட்டுல வாரக்கணக்கா ஓடிச்சு. முடிவு தெரிஞ்ச கதைக்கு ஏன் இத்தனை பேர் சீட் நுனியில உட்கார்ந்தாங்க?

இந்தக் கேள்வி ஒரு படத்தோட முடியல. ஸ்டீவன்சனோட 'ட்ரெஷர் ஐலண்ட்' புத்தகமா வந்தது 1883-ல. இன்னைக்கும் கடையில கிடைக்குது. கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதினது 1950-ல இருந்து 1954 வரைக்கும். 2022-லயும் 2023-லயும் அது ரெண்டு பாகமா படமா வந்தப்போ, புத்தகத்தை நாலு தடவை படிச்ச தாத்தாவும் ஒரு பக்கம்கூடப் படிக்காத பேரனும் ஒண்ணா போய்ப் பார்த்தாங்க. ஃபேஷன் மாறுது, பாட்டு மாறுது, போன் மாசத்துக்கு ஒண்ணு வருது. சாகசக் கதை மட்டும் அப்படியே நிக்குது.

காரணம் கேட்டா வழக்கமா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "வாழ்க்கை போரடிக்குது, அதுல இருந்து தப்பிக்கத்தான்." இன்னொண்ணு, "த்ரில்லுக்காக." ரெண்டுமே எனக்குச் சரியா படல. தப்பிக்கிறதுதான் நோக்கம்னா ரீல்ஸ் போதும், அதுக்கு எண்ணூறு பக்கம் எதுக்கு? ஆபத்துதான் காரணம்னா, நூறு பேரை ஒரே ஆளா அடிச்சுப் போடற மாஸ் படத்துல இல்லாத ஆபத்தா? கத்தி, துப்பாக்கி, பாம் எல்லாம் பறக்குது. நாம பாப்கார்னைக் கீழே வைக்கிறதே இல்லை. ஏன்னா அவருக்கு எதுவும் ஆகாதுன்னு நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அது திருவிழா. திருவிழாவுக்கு நானும் போவேன், விசில் அடிப்பேன். ஆனா அது சாகசக் கதை இல்லை.

என்னோட கட்சி இதுதான். சாகசக் கதையில நம்மளை இழுக்கிறது ஆபத்து இல்லை, பற்றாக்குறை. ஆள் மாட்டிக்கிட்டான். நேரம் கம்மி. முழு விவரம் தெரியாது. இப்போ கையில என்ன இருக்கு, அதை வெச்சு அடுத்து என்ன செய்யறது? இந்தக் கேள்வி வந்த நிமிஷத்துல நாம பார்வையாளர் இல்லை. நாமளும் கணக்குப் போட ஆரம்பிச்சுடறோம். கொடைக்கானல் குழிக்குள்ள இறங்கினது ஒருத்தன்தான். ஆனா கயித்தோட நீளம் போதுமா, மழைத் தண்ணி உள்ள போகுதே, மேல எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கன்னு தியேட்டரே யோசிச்சுக்கிட்டு இருந்தது. முடிவு தெரிஞ்சிருந்தாலும் வழி தெரியாது இல்லையா? நாம பார்க்கப் போறது அந்த வழியைத்தான்.

வந்தியத்தேவனை எடுத்துக்கோங்க. பொன்னியின் செல்வன்கிற பேர் அருள்மொழிவர்மனோடது. ஆனா கதை சுத்தறது வந்தியத்தேவன் பின்னாடி. இது கல்கியோட பெரிய சாமர்த்தியம்னு நினைக்கிறேன். இளவரசர்கிட்ட படை இருக்கு, மக்கள் செல்வாக்கு இருக்கு. வந்தியத்தேவன்கிட்ட இருக்கறது ஒரு குதிரை, ஒரு வாள், ரெண்டு ஓலை, அடங்காத வாய். வாணர் குலம்னு பேர் இருக்கே தவிர ஆள ராஜ்யம் இல்லை. அவசரப்படறான், மாட்டிக்கிறான், பொய் சொல்லித் தப்பிக்கிறான். கடம்பூர் மாளிகையில ராத்திரி நடக்கிற சதிக் கூட்டத்தை அவன் ஒளிஞ்சிருந்து கேட்கிறான். 'ட்ரெஷர் ஐலண்ட்'ல ஜிம் ஹாக்கின்ஸ்ங்கிற பையன் ஆப்பிள் பீப்பாய்க்குள்ள உட்கார்ந்து கடற்கொள்ளையர்களோட திட்டத்தைக் கேட்கிறான். எழுதின காலம் வேற, நாடு வேற. ஆனா ரெண்டு பேருக்கும் கிடைச்சது ஒண்ணுதான்: பலம் இல்லை, தகவல். பலமில்லாத ஒருத்தன் தெரியக்கூடாத தகவலைத் தெரிஞ்சுக்கிட்டா அவன் என்ன செய்வான்? அதைத் தெரிஞ்சுக்காம நம்மால புத்தகத்தை மூட முடியாது.

இன்னொரு உதாரணம், 1981-ல வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படம். ஆரம்பக் காட்சியில தங்கச் சிலையை எடுக்கணும், ஆனா பீடத்து மேல எடை குறைஞ்சா பொறி இயங்கிடும். அவர் ஒரு மணல் பையை எடுத்து, கையால தூக்கிப் பார்த்து, கொஞ்சம் மணலைக் கொட்டிட்டு, சட்டுனு மாத்தி வைக்கிறார். எஸ்டிமேஷன் தப்பு. பீடம் உள்ள இறங்குது, குகை இடிய ஆரம்பிக்குது, பெரிய பாறாங்கல் உருண்டு வருது. உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா, சிலையை இன்னொருத்தன் பிடுங்கிக்கிறான். ஹீரோ அறிமுகக் காட்சியிலேயே ஹீரோ தோத்துப் போறார்! நம்ம ஊர்ல இன்ட்ரோ சீனை இப்படி எழுதினா தயாரிப்பாளர் எழுந்து போயிடுவார். ஆனா அந்தத் தோல்விக்கு அப்புறம்தான் அவரை நாம நம்பறோம். இனிமே எந்தக் காட்சியிலயும் அவர் தோக்கலாம்னு ஆயிடுச்சு.

நம்ம துறை ஆட்களுக்குன்னே ஒரு புத்தகம் இருக்கு. ஜூல்ஸ் வெர்னோட 'மிஸ்டீரியஸ் ஐலண்ட்', 1874-75-ல வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல அஞ்சு பேரும் ஒரு நாயும் பலூன்ல தப்பிச்சு, புயல்ல சிக்கி, ஆளில்லாத தீவுல விழறாங்க. பலூன் கீழே இறங்காம இருக்கக் கையில இருந்த எல்லாத்தையும் முன்னாடியே கடல்ல வீசியாச்சு. தலைவர் யார் தெரியுமா? கப்பல் கேப்டன் இல்லை. சைரஸ் ஸ்மித்னு ஒரு இன்ஜினியர். ரெண்டு கைக்கடிகாரம், இல்லை, அந்தக் காலத்துச் சட்டைப்பைக் கடிகாரம், அதோட கண்ணாடிகளைக் கழட்டி, நடுவுல தண்ணி ஊத்தி, ஓரத்தைக் களிமண்ணால அடைச்சு, லென்ஸாக்கி நெருப்பு மூட்டறார். அங்க இருந்து செங்கல், பானை, இரும்பு, நைட்ரோகிளிசரின், கடைசியில தந்திக் கம்பி வரைக்கும் போயிடறாங்க. ஒளியியல்ல நாம படிச்ச குவிலென்ஸ்தான். பரீட்சையில அது அஞ்சு மார்க். அந்தத் தீவுல அதுதான் ராத்திரிச் சாப்பாடு.

கற்பனைதானேன்னு விட்டுட முடியாது. 1970 ஏப்ரல்ல அப்போலோ 13 நிலாவுக்குப் போற வழியில ஆக்ஸிஜன் டேங்க் வெடிச்சது. மூணு பேரும் நிலாவுல இறங்கறதுக்காக வெச்சிருந்த சின்ன ஓடத்துக்குள்ள ஒதுங்கினாங்க. அது ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் கணக்குப் போட்டுக் கட்டினது. இப்போ மூணு பேர், கிட்டத்தட்ட நாலு நாள். மூச்சுல வெளிய வர்ற கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கிட்டே போகுது. அதை உறிஞ்சற டப்பா தாய்க்கலத்துல நிறைய இருக்கு, ஆனா அது சதுரம். ஓடத்துல இருக்கிற துளை வட்டம். தரையில இருந்த இன்ஜினியர்கள், விண்கலத்துல இருக்கிற பொருளை மட்டும் வெச்சு, பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டு டேப் இதையெல்லாம் சேர்த்து ஒரு இணைப்பைச் செஞ்சு பார்த்து, செய்முறையை ரேடியோவுல வாயாலயே சொல்லி மேல செய்ய வெச்சாங்க. மூணு பேரும் உயிரோட திரும்பினாங்க. 1995-ல அது படமா வந்தப்போ உலகத்துக்கே முடிவு தெரியும். ஆனாலும் அந்தச் சதுரம்-வட்டம் காட்சியில மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் பார்க்கணும்.

"இப்போ கூகுள் மேப் இருக்கு, சாட்டிலைட் இருக்கு, இனி எங்க சாகசம்?"னு கேட்கிறவங்களுக்கு 'தி மார்ஷியன்' பதில். ஆண்டி வியர் முதல்ல தன்னோட சொந்த இணையதளத்துல அத்தியாயம் அத்தியாயமா இலவசமா போட்ட கதை. 2015-ல படமாச்சு. செவ்வாயில தனியா விடப்பட்ட ஒருத்தன், 1997-ல அங்க இறங்கின பாத்ஃபைண்டரைத் தோண்டி எடுத்து பூமியோட பேசறான். பேசறதுக்கு இருக்கறது சுத்தித் திரும்பற ஒரு கேமரா மட்டும்தான். வட்டத்தை 26 எழுத்துக்குப் பிரிச்சா இடைவெளி பத்தாது, கேமரா எதைக் காட்டுதுன்னு குழம்பிடும். அதனால ஹெக்ஸாடெசிமல், 16 குறி போதும், மீதியை ஆஸ்கி அட்டவணை பார்த்துக்கும். முதல் வருஷத்துல "இதெல்லாம் எங்கடா யூஸ் ஆகப் போகுது"ன்னு நாம கேட்ட அதே ஹெக்ஸாடெசிமல். மேப் வந்ததால சாகசம் முடியல. தெரியாததோட எல்லை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்.

இந்தக் கதைகள் மேல ஒரு நியாயமான குற்றச்சாட்டும் இருக்கு, அதைத் தாண்டிப் போகக்கூடாது. பழைய சாகசக் கதைகள்ல நிறைய, வெள்ளைக்காரர் ஒருத்தர் வேற யாரோட மண்ணுக்கோ போய்ப் புதையல் எடுக்கிற கதைதான். 1885-ல வந்த 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' அப்படித்தான், ஆப்பிரிக்கா அதுல ஒரு பின்னணித் திரை. 1984-ல வந்த இரண்டாவது இண்டியானா ஜோன்ஸ் படத்துல இந்திய அரண்மனை விருந்துல குரங்கு மூளை பரிமாறறாங்க. இந்தியாவுல படப்பிடிப்புக்கு அனுமதி கிடைக்காம இலங்கையில கண்டி பக்கம் எடுத்தாங்க. பார்க்கும்போது எனக்குக் கோபம் வந்தது, வரணும். ஆனா இந்தக் கோபத்துக்குத் தீர்வு சாகசக் கதையே வேண்டாம்னு சொல்றது இல்லை. யாரோட சாகசம்னு கேட்கிறதுதான். வெர்னோட கேப்டன் நீமோ யார்னு 'மிஸ்டீரியஸ் ஐலண்ட்' கடைசியில தெரிய வருது: புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், 1857-ல ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடின இந்தியர். சினிமாவுல அவரைப் பெரும்பாலும் ஐரோப்பியராத்தான் காட்டினாங்க. 2003-ல ஒரு ஹாலிவுட் படத்துல நஸிருதீன் ஷா அந்த வேஷத்துல வந்தார். நம்ம ஆள் கதைக்குள்ள ரொம்ப காலமா இருந்திருக்கார், திரையில வரத்தான் நேரமாச்சு. பொன்னியின் செல்வன்லயும் பாருங்க, கோடிக்கரையில இருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டு போறது பூங்குழலி. அந்தக் கடல்ல வித்தை தெரிஞ்சவ அவதான், வாள் வெச்சிருக்கிறவன் வெறும் பயணி.

இவ்வளவும் நம்ம காலேஜ் பத்திரிகையில எதுக்கு எழுதறேன்? "இன்னும் காமிக்ஸ், அட்வெஞ்சர்னு சுத்திக்கிட்டு இருக்கியா, பிளேஸ்மென்ட்டுக்குப் படி"ன்னு நம்மள்ல பல பேர் கேட்டிருப்போம். நாலு வருஷமா நமக்குக் கொடுத்த ஒவ்வொரு கணக்குக்கும் விடை ஏற்கெனவே யாருக்கோ தெரியும். தேவையான மதிப்பெல்லாம் கேள்வியிலேயே இருக்கும், தேவையில்லாதது ஒண்ணும் இருக்காது. உராய்வைப் புறக்கணிக்கச் சொல்லுவாங்க. லேப்ல என்ன ரீடிங் வரணும்னு மேனுவல் முன்னாடியே சொல்லிடும். அடிப்படை கத்துக்க அது தேவைதான், நான் மறுக்கல. ஆனா இன்னும் சில மாசத்துல வெளிய போறோம். அங்க பாதி டேட்டா இருக்காது, கேட்ட பொருள் வராது, கேட்ட நேரம் கிடைக்காது, விடைத்தாள் யார்கிட்டயும் இல்லை. அப்படி ஒரு நிலைமையில ஒரு மனுஷன் எப்படி யோசிப்பான்னு நமக்குக் காட்டினது எந்தப் பாடத்திட்டமும் இல்லை. வந்தியத்தேவனும் சைரஸ் ஸ்மித்தும்தான்.

கதை படிச்சா யாரும் இன்ஜினியர் ஆகிட மாட்டாங்க, அது எனக்கும் தெரியும். ஆனா மாட்டிக்கிட்ட நேரத்துல "என்னால முடியாது"க்கு முன்னாடி "கையில என்ன இருக்கு?"ன்னு கேட்கிற பழக்கம் ஒண்ணு இருக்கு. அது இந்தக் கதைகள்ல இருந்து வரும். அடுத்த தடவை ஹாஸ்டல்ல நாலு பேரா உட்கார்ந்து இந்த மாதிரி படம் பார்க்கும்போது, ஹீரோ மாட்டிக்கிற இடத்துல பாஸ் பண்ணுங்க. அவன்கிட்ட என்னென்ன இருக்குன்னு பட்டியல் போடுங்க, ஆளுக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் பிளே பண்ணுங்க. டைரக்டரை விட நல்ல வழி உங்க ரூம்லயே யாராவது சொல்லிட்டா, தயவுசெஞ்சு அதைக் கதையா எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்க.