கிராஃபீனும் பறவை எச்சமும்

தலைப்பைப் பாத்துட்டு மொக்கைப் பதிவுன்னு ஓடிடாதீங்க. சீரியஸான மேட்டர்தான்.

கிராஃபீன் தெரியும்ல? பென்சில் முனையில இருக்கிற கிராஃபைட்டை ஒட்டுற டேப்பால உரிச்சு உரிச்சு, ஒரே ஒரு அணு தடிமனுக்குக் கொண்டு வந்த கார்பன் தாள். 2004-ல மான்செஸ்டர்ல கைமும் நோவோசெலோவும் செஞ்சு காட்டினாங்க, 2010-ல நோபல் வாங்கினாங்க. மின்சாரம் இதுல பிச்சுக்கிட்டுப் பாயும். ஆனா டிரான்சிஸ்டருக்கு வேணும்கிற ஆற்றல் இடைவெளி இதுக்குக் கிடையாது. அதனால சரியா அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி. காந்தத் தன்மையும் சொல்லிக்கிற மாதிரி இல்ல.

அதுக்குத்தான் டோப்பிங், பாடப்புத்தகத் தமிழ்ல மாசூட்டல். ஒரு கார்பனை எடுத்துட்டு நைட்ரஜனை வெச்சா எலக்ட்ரான் கூடும், போரானை வெச்சா குறையும். மேல ஹைட்ரஜனை ஒட்டினா காந்தமும் வரும். இந்த அடிப்படையில எனக்குச் சந்தேகமே இல்ல. 2016-ல மாட்ரிட் குழு ஒண்ணு ஒத்தை ஹைட்ரஜன் அணு உண்டாக்குற காந்தத்தை நுண்ணோக்கியிலயே காட்டிடுச்சு.

என் பிரச்சினை வேற. அந்தத் தனிமத்தைப் போட்டோம், இந்தத் தனிமத்தைப் போட்டோம்னு கட்டுரைகள் குவியுது. இதை நொந்து போய்தான் புமேரா குழு 2020-ல ஏசிஎஸ் நானோ இதழ்ல ஒரு வேலை பண்ணினாங்க. கிராஃபீன்ல பறவை எச்சத்தைப் போட்டாங்க! நிஜமாத்தாங்க. எச்சத்துல நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் இருக்கே, அதனால வெறும் கிராஃபீனை விட நல்லா வினையூக்கியா வேலை செஞ்சுது. படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு.

காந்த விஷயத்துல இது இன்னும் ஆபத்து. 2001-ல நேச்சர் இதழ்ல கார்பனே அறை வெப்பநிலையில காந்தமாகுதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. அது கிராஃபீன் இல்ல, ஃபுல்லரீன். 2006-ல அதைத் திரும்பப் பெற்றாங்க. காரணம், மாதிரிக்குள்ள கலந்திருந்த இரும்பு! ரசம் மணக்குதுன்னு பாராட்டினா மட்டும் போதுமா? இன்னைக்குப் போட்ட பெருங்காயமா, இல்ல அது பெருங்காயம் வெச்ச பாண்டமான்னு பாக்க வேணாமா?

என் கருத்து இதான்: 'என்ன போட்டோம்'னு சொல்றவங்க, 'போடாமலே என்ன இருந்துச்சு'ன்னும் அளந்து சொல்லணும். 2012-ல கைம் குழு அப்படித்தான் செஞ்சாங்க. கிராஃபீன்ல குறைகளை உண்டாக்கினா தனித்தனிக் குட்டிக் காந்தங்கள் வருது, ஆனா அதெல்லாம் சேர்ந்து இரும்பு மாதிரி நிரந்தரக் காந்தமாகல, திரவ ஹீலியம் அளவுக்குக் குளிர வெச்சும் ஆகலன்னு நேர்மையாச் சொன்னாங்க. 'இல்லை'ன்னு சொல்ற அந்த மாதிரிக் கட்டுரைக்குத்தான் நான் கை தட்டுவேன். அது ஒண்ணு இருந்தா, இல்லாத காந்தத்தைத் தேடி அடுத்து வர்ற மாணவன் நாலு வருஷத்தைத் தொலைக்க மாட்டான்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?